அங்கப்பன் பூசிய அறை

வில்வண்டியின் சலங்கைச் சத்தம் பங்களா வாசலில் கேட்டபோது அங்கப்பன் மேற்கு அறையில் கதவு நிலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வாயில் ஒரு பிடி தேங்காய் நார். இடது உள்ளங்கையில் குழைத்த சுண்ணாம்பு. வலது கையில் கரண்டி. நிலைக்கும் சுவருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு, உச்சியிலிருந்து தரை வரைக்கும் ஓடியிருந்தது. காலையில் அது அங்கே இல்லை. மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால், வெகுநாளாக அங்கேயே குடியிருப்பதுபோல இருக்கிறது.

"வண்டி நின்னுருச்சுங்க மேஸ்திரி" என்றாள் சித்தாள் மாரியாத்தாள், ஜன்னலோரம் காவல் நின்றபடி.

அங்கப்பன் வாயிலிருந்து நாரைக் கிள்ளிக் கிள்ளி இடுக்கில் திணித்தான்.

"ரங்கம்மா எறங்கிட்டா."

நாருக்கு மேல் சுண்ணாம்பை அப்பினான்.

"அம்மாவும் எறங்கிட்டாங்க. படியேர்றாங்க. ஏனுங்க, மீசையில நாரு தொங்குதுங்க."

கரண்டியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இடுக்கு மறைந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து அவசரம் என்றால் என்னவென்றே அறியாத மனிதனைப்போல அங்கப்பன் கைகட்டி நின்றான்.

பைக்காரா மின்சாரம் வந்தபின் கோயமுத்தூரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சிங்காநல்லூர் ரோட்டில் புதிதாக மில் வைத்த லட்சுமணசாமி நாயுடு, மில்லுக்கு எதிரிலேயே ஒரு பங்களாவும் கட்டினார். மொத்தம் பன்னிரண்டு அறை. ஊட்டியில் துரைமார் வீடுகளில் இருப்பதுபோல, சுவர் தரையைத் தொடுகிற இடத்திலெல்லாம் தேக்குப் பட்டி. கதவு நிலைகளைச் சுற்றியும் தேக்குப் பட்டி. அந்தப் பட்டி அழகுக்கு மட்டும் அடிப்பதில்லை. தச்சன் நிலையை அரை விரல் சாய்த்து வைத்திருப்பான். கொத்தனார் பூச்சை அரை விரல் முன்னாலேயே நிறுத்தியிருப்பான். இரண்டு பேருடைய தப்பும் பட்டிக்கு அடியில் சந்தித்து, யாருக்கும் தெரியாமல் ராசியாகிவிடும்.

பதினோரு அறைகளில் அப்படித்தான் ராசியானது. பன்னிரண்டாவது அறை நாயுடுவின் அக்கா ராமாமணி அம்மாளுடையது. சின்ன வயதில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். இருபத்தைந்து வருஷமாகச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். அந்த அம்மாள் தன் அறையில் அடித்திருந்த பட்டிகளையெல்லாம் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, பட்டிக்குப் பின்னால் கரையான் வரும் என்றார். சுவர் நேராக இறங்கித் தரையைத் தொட வேண்டும். பூச்சும் நிலையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மூலைகள் கூர் இல்லாமல் மழுங்கலாக இருக்க வேண்டும். கை வைத்தால் எங்கேயும் தடுக்கக்கூடாது. இதுதான் உத்தரவு.

பங்களா வேலையை எடுத்திருந்த பொங்கியண்ணன் பெரிய மேஸ்திரி. அங்கப்பனுக்கு மச்சினன், அவன் மனைவி தெய்வாத்தாளின் அண்ணன். பட்டி அடிக்காமல் பூச்சை முடிப்பது கோமணம் இல்லாமல் சந்தைக்குப் போகிற மாதிரி என்று அவர் காரை அரைக்கும் செக்கடியில் ஆட்களிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, தன்னால் ஆகாது என்று மரியாதையாக மில்லுக்குச் சொல்லியனுப்பினார். எட்டு வருஷமாக அவரிடம் கரண்டி பிடித்துக்கொண்டிருந்த அங்கப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"நான் பண்றேனுங்க."

ஏன் திறந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் திறந்த வாய்க்குப் பின்னால் ஒரு பெரிய காரியம் இருந்தது. மில் ஆட்களுக்காக முப்பத்திரண்டு வீடுகள் வரிசையாகக் கட்டப் போகிறார்கள். இரண்டு வருஷத்துக்குக் குறையாத வேலை. மேற்கு அறை அக்காவுக்குப் பிடித்துவிட்டால் வரிசை வீடுகள் அத்தனையும் அந்த மேஸ்திரிக்கே என்று நாயுடு சொல்லிவிட்டார்.

சேதி தெரிந்த அன்றைக்கே தெய்வாத்தாள், எட்டு வருஷமாக மனசில் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் சந்தை நடுவில் நின்று அண்ணனிடம் இறக்கி வைத்துவிட்டாள். தன் வீட்டுக்காரர் இனி ஒரு நாளும் அவரிடம் வேலைக்கு வரமாட்டார் என்று முடித்தாள். பொங்கியண்ணன் கோபப்படவில்லை. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "பத்து நாள் பொறு அம்மணி. உன்ற ஊட்டுக்காரன் அவனாவே வருவான். கரண்டியக் கழுவி வெக்கறேன்" என்றார்.

இது எட்டாவது நாள்.

ராமாமணி அம்மாள் அறைக்குள் வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சேலை, நிமிர்ந்த நடை. அவருக்கு அரையடி முன்னால் ரங்கம்மாள். சமையலுக்கென்று வந்து, பிறகு அம்மாவின் நிழலாகவே ஆகிவிட்டவள். அவள் வாய் ஓயவே ஓயாது.

"வாசப்படி ஒசரமுங்கம்மா. கீழ சுண்ணாம்பு கெடக்குதுங்க, சேல பட்டுரும், இப்படி வாங்க. மேஸ்திரி கும்புடு போடறாருங்க. சித்தாளும் போடறாளுங்க."

"வாய்க்குன்னே கூலி குடுத்து வெச்சிருக்காங்களாட்ட இருக்குது" என்று முணுமுணுத்தாள் மாரியாத்தாள்.

ராமாமணி அம்மாள் தலையை அசைத்தார். ஆளைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. பார்வை எப்போதும் உத்தரத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கும். மில் வீட்டார் கொத்தனார் முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அங்கப்பன் நினைத்துக்கொள்வான். அவனுக்கு அந்தப் பார்வையைப்பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் அந்தக் கையைப்பற்றித்தான்.

வலது உள்ளங்கையை ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் வைத்து அந்த அம்மாள் நடக்க ஆரம்பித்தார். அறையை ஒரு முழுச் சுற்று. விரல்கள் சுவரில் ஊர்ந்துகொண்டே வரும். உதடு சத்தமில்லாமல் எண்ணும். முதல் நாள் இதைப் பார்த்து அங்கப்பன் நடுங்கிப்போனான். அளவு சரிபார்க்கிறார் என்று புரிந்ததும், அன்றைக்கே நூல் பிடித்து நாலு சுவரையும் இன்னொரு தடவை அளந்து பார்த்துக்கொண்டான்.

ஏன் இப்படி என்று விளக்கியவர் பொங்கியண்ணன்தான். அம்மாளின் தகப்பனார் பஞ்சு வியாபாரி. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை பஞ்சை உருட்டிப் பார்த்தே, கம்போடியா ரகமா கருங்கண்ணி ரகமா, எந்தக் காட்டுப் பஞ்சு, எத்தனை நாள் ஈரம் என்று சொல்லிவிடுவாராம். "அந்த ரத்தம் மாப்பிள்ளை. கண்ணுல மண்ணத் தூவலாம். கைய ஏமாத்த முடியாது."

சுவரின் நடுவில் கை நின்றது.

"இங்க ஒண்ணு உறுத்துது."

அங்கப்பன் ஓடிப்போய் மூக்கு சுவரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். கடுகில் பாதி அளவுக்கு ஒரு மணல். நகத்தால் சுரண்டி எடுத்தான். கை மறுபடி நகர்ந்தது. நேராகக் கதவு நிலையை நோக்கி.

"அம்மா, அந்தப் பக்கம் ஈரமுங்க. இப்பத்தான் பூசினதுங்க."

கை நின்றது. ராமாமணி அம்மாள் சற்று யோசித்தார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாரேன். அன்னைக்கு நெலையையும் பாத்துட்டு ஒரு முடிவு சொல்லிப்போடறேன். அடுத்த புதன்கிழமை இங்க குடி வரணும்."

அவர் போனதும் அங்கப்பன் தரையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

*

வியாழக்கிழமை காலையில் இடுக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு உதடு இருந்தது.

நார் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்து ஊறிப் பருத்து, பூச்சை வெளியே தள்ளியிருந்தது. நிலையின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை வெற்றிலை போட்ட கிழவியின் கீழுதடு மாதிரி ஒரு தடிப்பு. கண்ணால் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. கை வைத்தால் உருண்டு வந்தது.

உளியை எடுத்துச் சீவினால் போதும் என்றான் அங்கப்பன். நாரை உருவிவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் சரி என்றாள் மாரியாத்தாள். இருபது வருஷமாகச் சுண்ணாம்பு சுமக்கிறவள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். அங்கப்பன் சீவினான். உதடு போயிற்று. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. அதைச் சரிசெய்ய ஓரத்தைத் தட்டினான். முறம் அளவுக்கு விழுந்தது. இனித் தொடக்கூடாது என்று கரண்டியைக் கீழே வைத்த சத்தத்துக்கு, இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரைக்கும் ஒரு பாளமே சரிந்து அவன் காலடியில் உட்கார்ந்தது. கதவுக்கு வலப்பக்கம் செங்கல் பல்லைக் காட்டியது.

"நல்லவேளைங்க" என்றாள் மாரியாத்தாள். "நாரும் வந்துருச்சு."

இதன்பின் ஒரே வழி, பழையபடி முதலிலிருந்து பூசுவது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரை இருந்தது. ஆனால் அது இறுக நாலு நாளாகும். இருப்பது ஒன்றரை நாள். வெல்லம் கூடினால் காரை சீக்கிரம் பிடிக்கும் என்பது அங்கப்பன் எப்போதோ கேட்டிருந்த கணக்கு. ஒரு படிக் காரைக்கு ஒரு அச்சு வெல்லம் என்பதை அவன் நாலு அச்சாக்கினான்.

"எச்சாப் போடறீங்க மேஸ்திரி" என்றாள் மாரியாத்தாள்.

"பிடிக்கோணுமல்லோ."

பிடித்தது. வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது பூச்சு நிலையோடு ஒரே மட்டமாக, நூல் பிடித்ததுபோல நின்றது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மேல்பூச்சைக் கொடுத்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டியதுதான் பாக்கி. அங்கப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. கிட்டப் போனான். சுவர் அசைந்தது.

எறும்பு.

ஜன்னல் வழியாக வந்து, தரையைக் கடந்து, நிலையோரமாக ஏறி, புதுப்பூச்சு முழுக்கச் சிவப்பெறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. நாலு அச்சு வெல்லத்தின் சேதி சிங்காநல்லூர்க் குளத்தங்கரை வரைக்கும் எட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு ராமாமணி அம்மாளின் கை ஊர்ந்து வரப்போகிற பாதை அது. அங்கப்பன் அந்தக் கையையும் அந்த எறும்பையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தான். பிறகு மச்சினன் கழுவி வைத்திருக்கும் கரண்டியை நினைத்தான்.

துணியால் துடைத்தால் கடித்தன. ஊதினால் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டன. எறும்பு மஞ்சளைத் தாண்டாது என்று சொன்னவள் மாரியாத்தாள்தான். அவள் சொன்னது அரிசிப்பானையைச் சுற்றி ஒரு கோடு இழுக்கிற அளவுக்கு. அங்கப்பனுக்கு அளவு கேட்கிற நிலைமை இல்லை. பக்கத்துக் கடைக்கு ஓடி, இருந்த மஞ்சள்தூளையெல்லாம் வாங்கிவந்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, ஈரம் காயாத புதுச் சுண்ணாம்புச் சுவரில் கை வலிக்கிற மட்டும் வீசி அடித்தான்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஆரத்தித் தட்டைப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். அங்கப்பனுக்கும் தெரியும். ஆனால் அது அவன் ஞாபகத்துக்கு வந்தது வாளி காலியான பிறகுதான்.

எறும்பு போய்விட்டது. சுவர் சிவந்துகொண்டே வந்தது. முதலில் வெட்கப்பட்டதுபோல. பிறகு கோபப்பட்டதுபோல. கடைசியில், ஓர் எருமைமாட்டை அந்த இடத்தில் நிறுத்தி வெட்டியதுபோல.

மாரியாத்தாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "திஷ்டி கழிஞ்சுருச்சுங்க" என்றாள்.

"வெள்ளையடி" என்றான் அங்கப்பன்.

வெள்ளை என்றால் அதுவும் சுண்ணாம்புதான். பூசினார்கள். உள்ளே இருந்த மஞ்சளுக்குப் புதுச் சுண்ணாம்பு வந்ததில் இன்னும் உற்சாகம். வெள்ளை காய்வதற்கு முன் செக்கச்செவேலென்று மேலே வந்தது. இன்னொரு கை பூசினார்கள். இன்னும் சிவந்தது. மூன்றாவது கைக்குப் பிறகு சிவப்பும் போகவில்லை, சுவரும் நிலையைவிட ஒரு நெல் கனம் முன்னால் வந்துவிட்டது. பட்டி அடித்த அறையாக இருந்தால் அந்த ஒரு நெல்லை யாரும் கேட்கப்போவதில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. பொங்கியண்ணன். வெற்றிலைப் பெட்டியோடு வந்திருந்தார். சுவரைப் பார்த்தார். அங்கப்பனைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூட அங்கப்பன் தாங்கியிருப்பான். அவர் சிரிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே மணற்குவியலில் துண்டை விரித்து நிதானமாக உட்கார்ந்தார்.

"இருந்து பாத்துட்டே போறேன் மாப்பிள்ளை. திரும்பிப் போகையில ஒட்டுக்காவே போயிரலாம்."

அங்கப்பன் நிறத்தை மறந்துவிடுவது என்று அந்த இடத்தில் முடிவு செய்தான். நிறம் கையை மீறிப் போய்விட்டது. கையில் இருப்பது மட்டம் ஒன்றுதான். மூன்று கை வெள்ளையையும் சுரண்டி எடுத்தான். மட்டப்பலகையை வைத்து நிலையோடு பொருத்தினான். மேல்பூச்சைக் காகிதக் கனத்தில் இழுத்தான். பிறகு கூழாங்கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். சாப்பிடவில்லை, நிமிரவில்லை. நிலையின் ஓரம், தரையின் ஓரம், மூலையின் மழுங்கல் என்று ஒவ்வோர் அங்குலமாகத் தேய்த்தான். தலைமுடி ஒன்றை மேலே வைத்தால் வழுக்கிக் கீழே விழுகிற அளவுக்கு மெருகு ஏறியது. சிவப்பாகத்தான் ஏறியது. அவன் முகமே அதில் தெரிந்தது. முகமும் சிவப்பாகத் தெரிந்தது.

நாலு மணிக்குச் சலங்கை கேட்டது.

மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு சாக்கு, ஒரு ஏணி, ஒன்றும் பக்கத்தில் இல்லை. அங்கப்பன் தன்னையே கொண்டுபோய்ச் சிவப்புக்கு முன்னால் நிறுத்தினான். பயத்தில் ஒரு கை பின்னால் போய்ச் சுவரைப் பற்றியது. நிலைக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் கட்டைவிரல் மெத்தென்று அமுங்கியது. எடுத்துப் பார்த்தான். விரல் இருந்த இடத்தில் விரல் அளவுக்கு ஒரு குழி.

அதை நிரப்ப நேரமில்லை.

"படி மூணு இருக்குதுங்கம்மா. வாசப்படி ஒசரமுங்க. இன்னைக்குத் தரை சுத்தமா இருக்குதுங்க. மேஸ்திரி கும்புடு..."

ரங்கம்மாளின் பேச்சு அங்கே அறுந்தது. அங்கப்பன் ஓர் எருமையை மறைக்கிற அளவுக்குப் பருமன் இல்லை. அவனுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு தெரிந்தது. பத்து நாளில் முதல் தடவையாக ரங்கம்மாளின் வாய் திறந்தபடியே சத்தமில்லாமல் நின்றது.

ராமாமணி அம்மாள் சுவரில் கையை வைத்து நடக்க ஆரம்பித்தார். ஜன்னல். மூலை. நீளச் சுவர். உதடு எண்ணிக்கொண்டே வந்தது. விரல் எங்கேயும் நிற்கவில்லை. இரண்டாவது மூலை. மூன்றாவது. இனிக் கதவுச் சுவர். அங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் தோளில் கிடந்த துண்டின்மேல் விரல்கள் பட்டன.

"இதென்னப்பா, செவுத்துக்குத் துண்டு போட்டிருக்கறே?"

குத்தலாகக் கேட்கிறார் என்று அங்கப்பனுக்கு விளங்கியது. எல்லாம் முடிந்தது என்றும் விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நகர்ந்தான். எருமை முழுசாக வெளியே வந்தது.

ராமாமணி அம்மாள் உடனே கையை வைக்கவில்லை. மூக்கை லேசாகச் சுருக்கினார்.

"மஞ்ச வாசம் வருது."

"ஆமாங்க" என்றான் அங்கப்பன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "வெள்ளிக்கெழமைங்க" என்றான்.

"நல்லது." அவர் முகத்தைச் சற்றே திருப்பினார். "ரங்கம்மா, எப்படி இருக்குது?"

ரங்கம்மாள் சுவரைப் பார்த்தாள். அங்கப்பனைப் பார்த்தாள், அவன் விரலெல்லாம் தோல் உரிந்து கிடந்ததையும் பார்த்தாள்.

"பாலாட்டம் வெள்ளையா இருக்குதுங்கம்மா" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே பொங்கியண்ணனுக்கு வெற்றிலை புரையேறியது.

கேலி செய்கிறாள் என்று அங்கப்பன் நினைத்தான். கூலிக்காரனுடைய கழுத்தில் கத்தி இருக்கும்போது இந்தப் பெரிய வீட்டு வேலைக்காரிக்கு விளையாட்டு. ஆனால் ராமாமணி அம்மாளின் கை சிவப்பின்மேல் ஏறிவிட்டது. மெதுவாகப் போனது, திரும்பி வந்தது, இன்னொரு தடவை போனது. நிலையின் மரத்துக்கும் பூச்சுக்கும் நடுவே மேலும் கீழும் ஒரு விரல் நடந்தது.

"மரம் எங்க முடியுது, செவுரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல" என்றார். "இந்த எடந்தான் மத்த எல்லாத்தையும்விட நல்லா வந்துருக்குது."

அங்கப்பன் கண்ணைத் திறந்தான். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

அப்போது விரல் குழியில் விழுந்தது.

ராமாமணி அம்மாள் குழியை ஒரு சுற்றுத் தடவினார். கட்டைவிரலை அதற்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இது?"

"என்ற கட்டைவெரலுங்க" என்றான் அங்கப்பன். "பயத்துல அமுக்கிப்போட்டேனுங்க. இப்பவே மூடிப்போடறேனுங்க."

"மூடாதே."

"ஏனுங்கம்மா?"

"இருக்கட்டும். நடைக்குப் போற கதவுக்கு இந்த ஒண்ணு போதும். குளிக்கற ரூம்புக் கதவோரத்துல இதே ஒசரத்துல ரெண்டு வெச்சுரு." அவர் திரும்பி, வந்த வழியே நடந்தார். நிலையைத் தாண்டும்போது சாதாரணமாகச் சொன்னார். "வரிசை ஊட்டு வேலைய எப்ப ஆரம்பிக்கறேன்னு திங்கக்கிழமை வந்து கணக்குப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போடு. நான் தம்பிகிட்டச் சொல்லிக்கறேன்."

வண்டிச் சலங்கை ரோட்டில் கரைகிற மட்டும் அங்கப்பன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மாரியாத்தாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவன் அதைக் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டான். பத்து நாளாக நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. முப்பத்திரண்டு வீடு. இரண்டு வருஷம். தெய்வாத்தாள் இனிச் சந்தைக்குத் தலைநிமிர்ந்து போகலாம்.

பொங்கியண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சுவரை இன்னொரு தடவை வெகுநேரம் ஆராய்ந்தார். தொழில் தெரிந்த மனிதர். காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்று நம்புகிறவர்.

"புரிஞ்சு போச்சு மாப்பிள்ளை" என்றார் கடைசியில். "ஆரத்திச் செவப்பு. மங்களம். பெரிய ஊட்டுக்காரங்க மனசே வேற. நீ இதைச் சொல்லிக் குடுக்காம மறைச்சுப்போட்டே பாரு."

மறுநாளே பீளமேட்டில் தான் பூசிக்கொண்டிருந்த வீட்டில் கதவோரமாக அவரும் ஒரு வாளி மஞ்சளைக் கரைத்து அடித்ததாகவும், அந்த வீட்டுக்காரர் அவரைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்ததாகவும் மாரியாத்தாள் சேதி கொண்டுவந்தாள்.

*

சந்தோஷத்தில் அங்கப்பனுக்கு இரண்டு நாள் போனது. மூன்றாவது நாள் மனசு உறுத்தத் தொடங்கியது. முப்பத்திரண்டு வீடு வாங்கிக்கொண்ட கை, ஓர் எருமையை அந்த அம்மாளின் அறையில் விட்டுவிட்டு வரலாமா? பெருந்தன்மையால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அப்படியே விடுவதா? தெய்வாத்தாளிடம் சொன்னான். போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் தின்கிற சோறு ஒட்டாது என்று அவளும் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை காலை பங்களாவில் பால் காய்ச்சி எல்லோரும் ஓய்ந்த நேரத்தில், அங்கப்பன் ஒரு வாளிக் காரையும் கரண்டியுமாகப் பின்வாசலில் நின்றான். ரங்கம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மேற்கு அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ராமாமணி அம்மாள் தனியாக நடமாடுவது தெரிந்தது. கட்டிலிலிருந்து எழுந்தார், சுவரோரமாக வந்தார், எங்கும் நிற்காமல், எதிலும் இடிக்காமல், பல வருஷம் பழகிய வீடுபோலக் குளிக்கும் அறைக்குள் போனார்.

அங்கப்பன் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னான். அந்தச் சிவப்பைக் கொத்தி எடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் புதிதாகப் பூசித் தருகிறேன்; கூலி வேண்டாம்; அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

"வாளியக் கொண்டுக்கிட்டு ஊட்டுக்குப் போங்க மேஸ்திரி" என்றாள் ரங்கம்மாள்.

"அவங்க பெரிய மனசு பண்ணி உட்டுட்டாங்க. தெனமும் அந்தச் செவப்புல முழிக்கறதுங்களா?"

"நீங்க கொத்தினா அந்தக் குழியும் போயிருமல்லோ. அது போனாத்தான் வெசனம்."

"குழிய மறுபடி வெச்சுத் தாரேனுங்க. செவப்பு இருக்கப்படாதுங்க. நாளைக்கு நாலு பேரு பாத்தா என்ற பேரு என்ன ஆகும்?"

"அந்த ரூம்புக்குள்ள நானும் அம்மாவும் தவுர ஆரும் போறதில்ல. தம்பிகூட நெலையோட நின்னு பேசிட்டுப் போயிருவாரு. அவரு நிக்கற எடத்துல இருந்து பாத்தா அது தெரியாது."

"அம்மா பாப்பாங்கள்ளங்க?"

ரங்கம்மாள் துலக்கிய சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நடையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். அத்தனை நாளும் ஓயாமல் பேசியவள், இப்போது முதல் தடவையாகக் குரலை இறக்கினாள். தம்பிக்கே தெரியாத சங்கதி என்றாள். சாவிக்கொத்து இடுப்பில் இருக்கிற மட்டும் தெரியவும் கூடாது என்றாள். அங்கப்பன் கட்டின பெண்டாட்டியிடமும் மூச்சு விடுவதில்லை என்று, அவன் கையிலிருந்த கரண்டியின்மேலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியாமப் போயி மூணு வருசமாச்சுங்க மேஸ்திரி, நான் வெள்ளைன்னு சொல்லிப்போட்டா, அந்தச் செவுரு வெள்ளைதானுங்க."